பாக்கியம் அக்கா கையெழுத்திடாத படிவம்

1

இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த நாளை நான் கொண்டாடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தில் அந்த நாள் வரும்போது, காலை ஆறு மணிக்குத் தேநீர் போட்டுக்கொண்டு, வந்த அன்று எழுதிய பக்கத்தை எடுத்து வாசிப்பேன். அதில் மூன்று வரிதான் இருக்கிறது. 'குளிர். சப்பாத்து நனைந்துவிட்டது. மூன்று படிவம் நிரப்பினேன்.'

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அன்றுதான் தொடங்கியது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி, முந்தைய ஐந்து வருடத்தில் எந்தெந்தத் திகதியில் எங்கே இருந்தேன் என்று கேட்டார். இலங்கையில் டயகமைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன், ஹட்டனில் படித்தேன், கொழும்பில் வேலை செய்தேன் என்றேன். திகதி வேண்டும் என்றார். திகதி என்னிடம் இல்லை. அன்று மாலையே ஒரு கொப்பி வாங்கினேன். அதற்குப் பிறகு என்னிடம் திகதி கேட்ட எவரும் பதில் இல்லாமல் திரும்பிப் போனதில்லை.

இந்த வருடம் அந்த நாள் செவ்வாய்க்கிழமையில் வந்தது. வந்து இருபத்தேழு வருடம். ஷெஃபீல்டில் பனித்தூறல். தேநீரை மேசையில் வைத்துப் பக்கத்தைத் திறந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஆறு இருபது. டயகமையில் பதினொன்று ஐம்பது. மகள் தாரணி.

"அப்பா, ஒருத்தரும் சைன் வைக்க மாட்டினமாம்."

"ஒருத்தரும் என்றால்?"

"எட்டுப் பேரும்."

"அத்தையுமா?"

"அவதான் முதல் ஆள்."

அவள் அழவில்லை. ஆனால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அங்கே குளிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2

தாரணி என்ன படிக்கிறாள், டயகமையில் என்ன செய்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

பாடத்தின் பெயர் நவீன மொழிகளும் பண்பாடுகளும். நான்கு வருடப் படிப்பு. அவள் எடுத்திருப்பது ஸ்பானிய மொழியும் பிரெஞ்சும். இலக்கணம் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். அந்த மொழி பேசுகிற மனிதர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் கோபப்படுகிறார், கடைக்காரரிடம் எப்படிக் கடன் சொல்கிறார் என்பதெல்லாம் வகுப்பில் கிடைக்காது என்பதால், மூன்றாம் வருடத்தை வெளிநாட்டில்தான் கழிக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்த வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தோம். தெரிந்த ஒருவர், "மொழி படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்று கேட்டார். என் மனைவி வதனி யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவள். உடனே சொன்னாள்: "கேக்கிற கேள்விக்கு மரியாதையாப் பதில் சொல்லுற வேலை." அதன் பிறகு அந்த வீட்டில் எங்களுக்குக் கேக் மட்டும் தந்தார்கள்.

தாரணி ஐந்து வயதுவரை வதனியின் தமிழை அப்படியே பேசினாள். பள்ளிக்கூடம் போன ஆறாவது மாதத்தில், நாங்கள் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். பத்து வயதில் தமிழ் என்பது சாப்பிடக் கூப்பிடும் மொழி. பதினைந்தில் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும்போது கேட்காமல் போகும் மொழி. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று நானும் எழுதி வைத்துவிட்டு இருந்தேன்.

பிறகு இரண்டாம் வருட வகுப்பில், உங்கள் வீட்டில் பேசப்படும் மொழிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றார்களாம். அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தவள், நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்கள் அம்மாவோட ஒரு மாதிரிக் கதைக்கிறீங்கள். போனில டயகம மாமியோட இன்னொரு மாதிரிக் கதைக்கிறீங்கள். ஏன்?"

கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டேன். கல்யாணமான புதிதில், நான் 'போறேங்க' என்றால் வதனியின் சிநேகிதிகள் சிரிப்பார்கள். கேலியில்லை, புதுமை. ஆனாலும் நான் மெல்ல மாறிக்கொண்டேன். டயகமைப் பேச்சை ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருத்தி கவனித்திருக்கிறாள்.

அந்த ஒரு பக்கம் வளர்ந்து ஆய்வாகிவிட்டது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ், ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் எப்படித் தனக்குள் எடுத்துக்கொண்டது என்பது தலைப்பு. துறையில் விசேட அனுமதி கொடுத்தார்கள். மூன்றாம் வருடத்தின் முதல் பாதி ஸ்பெயினில். இரண்டாம் பாதி, ஜனவரியிலிருந்து மே வரை, டயகமையில் என் அக்கா வீட்டில்.

3

அக்காவின் பெயர் பாக்கியம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமாகிவிட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். நாங்கள் பிறந்த அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பக்கத்து அறையையும் சேர்த்துக் கட்டி, தகரக் கூரை போட்டு இருக்கிறாள்.

தாரணி தலவாக்கலையில் ரயிலிறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அக்காவின் அழைப்பு வந்தது.

"டேய் தம்பி, ஒம் மக என்னடா பள்ளிக்கூடத்து டீச்சரம்மா மாதிரி பேசுறா? 'இருங்கோ, வாறன்'ங்குறா. அவ வாயத் தொறந்தா எனக்கு எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கு!"

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாலும், அந்தப் பேச்சைக் கேட்டால் கையை நீட்டத் தயாராகும் பயம் இன்னும் போகவில்லை.

"அது மட்டுமில்லடா. மொத நாள் என்னைய யாழ்ப்பாணத்துப் பிள்ளைக மாதிரி மாமிங்குறா. ஏன்டி, எம் மகனக் கட்டிக்கப் போறியான்னு கேட்டேன். தலையில முன்பக்கம் முடியில்ல, பரவாயில்லையான்னேன். பிள்ள பயந்துருச்சு. இப்ப அத்தைங்குறா."

இரண்டு மாதம் நன்றாகப் போனது. தாரணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குக் கணக்குச் சொல்வாள். எத்தனை மணி நேரம் பதிவு செய்தாள், யாரோடு பேசினாள், என்ன புதுச் சொல் கிடைத்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். அந்தச் சொல் வெள்ளைக்காரத் துரைமார் பட்டாளத்து அணிவகுப்புக்குச் சொன்ன 'பரேட்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று தெரிந்த அன்று அவள் போட்ட சத்தத்தில், நான் வேலை செய்யும் மருத்துவமனைக் களஞ்சியத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, அவையள் ஒரு பட்டாளம் மாதிரி நிண்டிருக்கினம்! ஒவ்வொரு நாளும்!"

எனக்கு அது புதிய செய்தியில்லை. அம்மாவோடு விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய், அங்கிருந்து, வேலை முடியும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடப்பட்டவன் நான். ஆனால் அதைப் பட்டாளம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எந்நேரமும் எங்கள் வாயில் இருந்த ஒரு சொல்லைப் பிரித்து உள்ளே பார்க்க, ஸ்பானிய மொழி படித்த பிள்ளை வர வேண்டியிருந்தது.

எட்டுப் பெண்கள், பதினான்கு மணி நேரம் பேச்சு. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவை ஏமாற்றிய கதை, அட்டை கடித்த கதை, மழை நாளில் கொழுந்துக் கூடைக்குள் பாம்பு இருந்த கதை. பக்கத்து அறை முத்துலெட்சுமி ஒரே கதையை மூன்று தரம், மூன்று வேறு முடிவோடு சொன்னாளாம். தாரணி மூன்றையும் எழுதி வைத்திருக்கிறாள். என் மகள்தான்.

4

இனி படிவத்துக்கு வருகிறேன். அதில் தவறு என்னுடையது.

பல்கலைக்கழகத்தின் விதி இது: யாருடைய குரலைப் பதிவு செய்தாலும் அவரது சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். சம்மதப் படிவம் குறித்த நாளுக்குள் வந்து சேராவிட்டால் பதிவுகளை அழித்துவிட வேண்டும். நல்ல விதிதான். இன்னொருவரின் வாயிலிருந்து எடுத்ததை அவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. தாரணி தொடக்கத்திலேயே எல்லாரிடமும் வாயால் கேட்டிருந்தாள். 'பேசுறதுக்கு என்ன புள்ள, பேசு' என்றிருந்தார்கள். கையெழுத்துக்கு மார்ச் கடைசிவரை தவணை இருந்தது.

படிவத்தைத் தமிழாக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். மூன்று மாலை உட்கார்ந்து செய்தேன். ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்று இரண்டு அகராதி வைத்துப் பார்த்தேன். கடைசிப் பந்தி இப்படி முடிந்தது: 'கீழே கையொப்பமிடும் நான், எவரது வற்புறுத்தலுமின்றி, எனது சொந்த விருப்பின் பேரில் இதற்குச் சம்மதிக்கிறேன்.'

வதனியிடம் வாசித்துக் காட்டினேன். "அரசாங்கக் கச்சேரியிலயிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கு" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைய நாட்குறிப்பில், 'வதனி மெச்சினாள்' என்றே எழுதியிருக்கிறேன்.

தாரணி அதைத் தலவாக்கலையில் அச்செடுத்து, எட்டுப் பேரையும் அக்கா வீட்டு வாசலில் உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, மெதுவாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். மேலே பல்கலைக்கழகத்தின் சின்னம். கிரீடம் ஒன்று, விலங்கு ஒன்று. கடைசிப் பந்தியை வாசித்து முடித்ததும் முத்துலெட்சுமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அடுப்புல சோறு இருக்கு" என்று எழுந்திருக்கிறாள். ஒவ்வொருவராக எல்லாருக்கும் அடுப்பில் சோறு இருந்திருக்கிறது.

அக்கா மட்டும் இருந்தாள். பேனாவைத் தாரணியின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ என்ன வேணும்னாலும் கேளு, நான் சொல்றேன். இதுல மட்டும் போடச் சொல்லாத கண்ணு."

இதைச் சொல்லிவிட்டுத் தாரணி கேட்டாள்: "அப்பா, அவைக்கு என்னில நம்பிக்கை இல்லையா? ரெண்டு மாசம் ஒரு பாயில படுத்தனான்."

பதினான்கு மணி நேரப் பேச்சும், அவளுடைய வருடமும் அந்தப் படிவத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அவள் கேட்டது அதைப் பற்றியில்லை.

5

அன்று வேலைக்கு அரை மணி நேரம் பிந்திப் போனேன். இருபத்தேழு வருடத்தில் அது நான்காவது தடவை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, பிள்ளை அழுவுது."

"அழுவாதுடா. முட்டை பொரிச்சுக் குடுத்தேன், சாப்பிட்டுச்சு."

"ஒரு கையெழுத்துதானேக்கா. அடையாள அட்டைக்குப் போட்டீங்களே."

"அது இந்த நாட்டுக் காகிதம். அதுல நான் இங்கன இருக்கேன்னு எழுதியிருந்துச்சு. பள்ளிக்கூடத்து மாஸ்டர் மூணு தரம் வாசிச்சுக் காட்டுனாரு. இருக்கேங்குறதுக்கு எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடுறேன்."

"இது படிப்புக்கு, அக்கா."

"எவன்டா எழுதுனான் அதை? சொந்த விருப்பின் பேரில்னு? அன்னைக்கு இஸ்டோரு வாசல்ல வெச்சு வாசிச்சாங்களே, அதே பேச்சு. அதே குரல்ல இந்தப் பிள்ளை வாசிக்குது."

எழுதியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்களுக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு. ராசம்மா அக்கா. தோட்டத்து மக்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் இருப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பிரித்துக்கொண்ட காலம் அது. அப்பா எந்தப் பக்கத்துக்கும் விண்ணப்பம் போடவில்லை. சோம்பலா துணிச்சலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதனால் நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் அங்கேயே இருந்தோம். ஆனால் ராசம்மா அக்காவைக் கட்டிய வீட்டில், அவளுடைய மாமனார், கல்யாணத்துக்கு எத்தனையோ வருடம் முன்பே இந்தியாவுக்குப் போகிற படிவம் ஒன்றில் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். இஸ்டோரு என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையின் வாசலில் மேசை போட்டு வாசித்தார்களாம். தேயிலைத் தூள் இறக்குகிற சத்தத்தில் அவர் தலையை ஆட்டியிருக்கிறார்.

"எல்லாரும் மறந்துட்டாங்கடா" என்றாள் அக்கா. "காகிதம் மறக்கல. கல்யாணம் கட்டி ரெண்டாம் வருசம் ஓலை வந்துச்சு, குடும்பத்தோட கெளம்புங்கன்னு. ராசம்மா ஒரு கையெழுத்தும் போடலையே. அந்தக் கெழவன் வெச்ச ரேகைக்கு இவ போனா."

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு எட்டு வயது. தலவாக்கலை ஸ்டேஷனில் ஒரு தகரப் பெட்டியில் பெயரும் இலக்கமும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கித் தந்தார்கள். ரயில் நகரும்போது நான் அதைப் பிரிப்பதில் கவனமாக இருந்தேன். அக்காமார் இருவருக்கும் ஒரே குடைதான் இருந்தது. பாக்கியம் அக்கா அதை ஜன்னல் வழியே கொடுத்தாள். வேண்டாம், அங்கே வெயில் ஊராம் என்றாள் ராசம்மா அக்கா. வெயிலுக்கும் வேண்டுமே என்று இவள் திணித்துவிட்டாள். அவர்கள் போய்ச் சேர்ந்தது கோத்தகிரி. அங்கேயும் தேயிலை, அங்கேயும் மழை. அவள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். அக்காமார் இருவரும் தொலைபேசித் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நேரில் பார்க்கவில்லை.

"ஒங் காகிதத்துல ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியும்டா" என்றாள். "அந்தப் பிள்ளைய நம்பாமலா எம் பாயில படுக்க வெச்சிருக்கேன்? ஆனா எங் கையெழுத்துக்கு யாரு போவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேள இந்தப் பிள்ளையவே எங்கயாவது அனுப்பிட்டாங்கன்னா?"

6

நான் காகிதத்தை நம்பி வாழ்ந்தவன். விசா, வேலை, வீடு, குடியுரிமை எல்லாமே ஒரு வரியின் கீழ் பெயர் எழுதியதால் கிடைத்தவை. அக்கா, அப்பா எந்தக் காகிதத்திலும் எழுதாததால் நிலைத்தவள். ஒரே லயத்து ஒரே அறையில் பிறந்தவர்கள்தான் இருவரும். பஸ்ஸில் போகும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, நினைத்துப் பயனில்லை என்று பல்கலைக்கழகத்தின் விதிக் கையேட்டைத் தொலைபேசியில் திறந்தேன்.

மொத்தம் முப்பத்தொரு பக்கம். போகும் பஸ்ஸில் பன்னிரண்டு, மதிய இடைவேளையில் ஆறு. பத்தொன்பதாம் பக்கத்தில் கண்டேன். கையெழுத்துக் கேட்பது சில சமூகங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்; அப்படியானால் வாய்மொழியாகச் சம்மதம் பெற்றுப் பதிவு செய்யலாம்; ஒரு சாட்சி வேண்டும்; பேசுபவர் தமது சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்; ஏன் என்ற காரணத்தை முன்கூட்டியே ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பக்கத்தை உடனே தாரணிக்கு அனுப்பினேன்.

அன்று மாலைக்குள் அவள் காரணத்தை எழுதி எனக்கு அனுப்பிவிட்டாள். அனுமதி விண்ணப்பத்தில் நான்கு பெட்டி இருந்தது. அவள் முதல் பெட்டியில் சரி போட்டிருந்தாள்: பங்கேற்பவர்களுக்கு எழுத்தறிவு குறைவு.

எனக்குக் கோபம் வந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"அத்தை பத்திரிகை வாசிப்பா, தெரியுமா உனக்கு?"

"தெரியும் அப்பா. சத்தமா வாசிப்பா. மரண அறிவித்தலும் சேர்த்து."

"பிறகு ஏன் இப்படிப் போட்டாய்?"

"மற்றப் பெட்டி ஒண்டும் சரி வரேல்லை. இதைப் போட்டா கெதியா அனுமதி தருவினம். கடைசிப் பெட்டியில 'வேறு' எண்டுதான் இருக்கு. அதைப் போட்டா முந்நூறு சொல்லில விளக்கம் எழுத வேணும்."

"எழுது."

"என்னத்தை எழுதுறது? எனக்கு ஒண்டும் தெரியாதே!"

அது உண்மை. இந்தியாவில் ஒரு பெரியத்தை இருக்கிறாள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். ஏன் இருக்கிறாள் என்று நான் சொன்னதில்லை. அவள் கேட்டதில்லை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாள் வானிலையையும் எழுதி வைத்திருக்கும் என் கொப்பிகளில் ஒன்றிலும் தலவாக்கலை ஸ்டேஷன் இல்லை. இருபத்தாறு வயதில் எழுதத் தொடங்கியவன், எட்டு வயதுக்குத் திரும்பிப் போகவேயில்லை.

சொன்னேன். ரேகை, ஓலை, தகரப் பெட்டி, குடை. பிஸ்கட் பாக்கெட்டையும் சொன்னேன். பின்னால் அக்கா யாரையோ கோழியை விரட்டச் சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் அப்பா இதை முதலே சொல்லேல்லை?"

"படிவத்தில் கேட்கவில்லை" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தக் கடைசிப் பந்தி..."

"நான்தான் எழுதினேன். நல்ல தமிழ் என்று நினைத்துத்தான்."

"நான்தான் வாசிச்சனான்" என்றாள் அவள். "டீச்சரம்மா குரலில."

அவள் முந்நூறு சொல்லுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சொல் எழுதினாள். வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளுடைய ஆய்வைப் பார்க்கும் பேராசிரியை அதை வாசித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் செய்தாராம். 'பங்கேற்பவர்கள் கையெழுத்திட அஞ்சுகிறார்கள்' என்ற இடத்தில் 'மறுக்கிறார்கள்' என்று மாற்றியிருந்தார். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு நல்ல தேயிலைப் பாக்கெட் கொடுக்க வேண்டும்.

பதினோராம் நாள் அனுமதி வந்தது. தவணைக்கு நான்கு நாள் மீதியிருந்தது.

7

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. வதனியும் நானும் ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் தகரக் கூரையில் மழை. பிறகு தாரணியின் குரல்.

"அத்தை, நான் சொல்றது வெளங்குதாங்க? ஒங்களுக்கு இஷ்டம்னா மட்டும் சொல்லுங்க. வேணாம்னா இப்பவே எல்லாத்தையும் அழிச்சிருவேன். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வதனி என்னைப் பார்த்தாள். "இது ஆர் கதைக்கிறது?" என்றாள்.

எங்கள் மகள்தான். 'மாட்டினம்' எங்கே போனதென்று தெரியவில்லை. அது என் அம்மா பேசிய பேச்சு. நான் இருபத்திரண்டு வருடமாகத் தொலைபேசிக்கு மட்டும் வைத்திருந்த பேச்சு.

"முத்துலெட்சுமி சாட்சி இருக்கா. சொல்லட்டா?" அக்காவின் குரல். "எப்படிச் சொல்றது, பெரட்டுல சொல்ற மாதிரியா?"

"ஒங்களுக்கு எப்படி வருதோ அப்படி."

செருப்பு உரசும் சத்தம். அக்கா எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"எம் பேரு பாக்கியம். டயகம, கீழ்ப்பிரிவு, மூணாம் லயம். முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தேன். இந்தப் பிள்ளை எந் தம்பி மக. இதுகிட்ட நான் பேசுனதெல்லாம் நான் பேசுனதுதான். யாரும் அடிச்சுக் கேக்கல. எடுத்துக்கிட்டும். எழுதிக்கிட்டும். படிச்சுப் பாஸ் பண்ணட்டும்."

மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்துகிறாள்.

"ஆனா ஒண்ணு. அதையும் எழுதிக்க. இதைக் காட்டி யாரையும் எங்கயும் அனுப்பக் கூடாது."

"எனக்கும் அதையே போட்டுக்க புள்ள" என்று முத்துலெட்சுமி தூரத்திலிருந்து சொல்வது கேட்கிறது. பதிவு அங்கே முடிகிறது. மற்ற ஏழு பேரும் தங்கள் பதிவில் அதே நிபந்தனையைச் சொன்னார்களாம், ஆளுக்கொரு விதமாக. ஒருத்தி மட்டும், தன் புருஷனை எங்கேயாவது அனுப்புவதானால் ஆட்சேபனை இல்லை என்றிருக்கிறாள். தாரணி அதையும் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டாள்.

குழு என்ன செய்யும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. நிபந்தனை போட்ட சம்மதம் செல்லுமா என்று கையேட்டில் தேடினேன். இருபத்திநான்காம் பக்கத்தில், பங்கேற்பவரின் நிபந்தனைகளுக்கென்று ஒரு கட்டமே இருந்தது. அதைப் பல்கலைக்கழகம் ஏற்றால், பேராசிரியையும் குழுத் தலைவரும் அதன் கீழ் கையெழுத்திட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அது வந்து சேர்ந்தது. அக்கா சொன்ன நிபந்தனை ஆங்கிலத்தில், அதன் கீழே தாரணி எழுதிய தமிழில். அவள் அதைக் கச்சேரித் தமிழில் எழுதவில்லை. அக்கா சொன்னபடியே எழுதியிருந்தாள். கீழே இரண்டு கையெழுத்து, திகதியோடு. அக்காவை அழைத்தேன்.

"என்னடா, ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கக்கா. யாரையும் எங்கேயும் அனுப்ப மாட்டோம்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"எழுதியா? கீழ கையெழுத்து இருக்கா?"

"இருக்குக்கா."

"யாரு போட்டது? பிள்ளையப் போட வெச்சீங்களா?"

"இல்லக்கா. அவங்க போட்டிருக்காங்க. பெரிய ஆளுங்க ரெண்டு பேரு."

கோழி சத்தம் போட்டது.

"சரி. அவங்க போடட்டும்" என்றாள். "அதுல ஒண்ணு எனக்கு அனுப்பி வையி. பெட்டியில வெச்சுக்கிறேன்."